பெட்டி தூக்க ஒரு ஆள்

உத்திரமேரூர்
18.9.2000

தம்பி தமிழ்வாணனுக்கு,

அக்கா சசிரேகா எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி விட்டபாடில்லை. மற்றபடி இங்கே யாருக்கும் குறையில்லை. உனக்கு உடம்பு தேவலையா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பெங்களூரில் அதற்கும் நேரம் கிடையாதா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஆனி வந்தால் இந்துவுக்கு மூன்று வயது முடிகிறது. அதற்குள் காது குத்தியாக வேண்டும். முதல் வருஷம் மொட்டை போடும்போதே குத்திவிடலாம் என்றுதான் இருந்தோம். வருகிறேன் வருகிறேன் என்று எழுதிவிட்டு நீ வரவில்லை. ஆசாரி ஊசியும் கையுமாக உட்கார்ந்துகொண்டு, "தாய்மாமன் எங்கம்மா? யார் மடில ஒக்கார வெச்சி குத்தறது?" என்று நாலு தடவை கேட்டார். கூடியிருந்த சனம் எல்லாம் என் முகத்தைப் பார்த்தது. முடியை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். எனக்கு மானமே போயிற்று.

உன் மாமா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை, இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு மைக் செட் கடையும் குழாய் ஸ்பீக்கரும் இருந்தால் போதும். ஆவணி முகூர்த்தம் மூச்சு விட விடவில்லை. கடையில் பெட்டி தூக்குகிற முனியனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் ஸ்பீக்கர் பெட்டியையும் அவரே தூக்குகிறார்.

ஒன்பது வருஷம் கழித்து எனக்குப் பிறந்த பிள்ளை. முதல் சேதி தாய்மாமனுக்கு நேரில்தான் போக வேண்டும், தபாலில் போகக் கூடாது என்று உன் மாமா கல்கண்டுப் பொட்டலத்தோடு பெங்களூருக்கு ஓடி வந்தாரே, நினைவிருக்கிறதா? நீ கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு கண் கலங்கினாயாம். அந்தக் கதையை அவர் வாயால் நூறு தடவை கேட்டுவிட்டேன். அப்படிக் கலங்கியவனுக்கு இரண்டேகால் வருஷமாக ஊருக்கு வர ஒரு பஸ் கிடைக்கவில்லையா?

எஸ்.டி.டி. பூத்தில் நின்று, வரிசையில் இருப்பவன் காதெல்லாம் கேட்க இதைப் பேச எனக்கு இஷ்டமில்லை. பதில் எழுது.

உன் அக்கா,
சசிரேகா

*

பெங்களூர்
9.10.2000

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா? தைலம் ஒன்று இங்கே கிடைக்கிறது, யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

நான் இப்போது சிவாஜி நகரில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடையில் இருக்கிறேன். ஓனர் லீவு தருவதில் கொஞ்சம் கெடுபிடி. தீபாவளிக்கு வர முடியாது. காது குத்து எப்போது வைத்தாலும் அப்போது கடையில் வேலை எப்படி இருக்கும் என்று சொல்ல முடியவில்லை.

ஒன்று செய்யலாம். பெரியப்பா மகன் மணி இருக்கிறானே, அவனும் இந்துவுக்கு மாமன் முறைதான். அவன் மடியில் உட்கார வைத்துக் குத்தலாம். தோடு நான் வாங்கி அனுப்பிவிடுகிறேன்.

மாமா எப்படி இருக்கிறார்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

தம்பி,
தமிழ்வாணன்

*

உத்திரமேரூர்
16.10.2000

தமிழ்வாணா,

இங்கே எல்லோருக்கும் உடம்பு தேவலை. உனக்குத்தான் ஏதோ கோளாறு. இல்லாவிட்டால் மணியின் மடியைக் காட்டி எனக்குக் கடிதம் எழுதுவாயா? உன் மடிக்கு என்ன கேடு வந்தது? கூடப் பிறந்தவன் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, நான் பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்று உங்கள் மகனின் மடியைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க வேண்டுமா? கேட்டால் பெரியம்மா என்ன சொல்லுவாள் என்று உனக்குத் தெரியாதா? "ஏண்டி, உன் தம்பி செத்தா பூட்டான்?" என்பாள். இதற்குப் பதில் அந்தத் தைலத்தை நீயே தேய்த்துக்கொள்.

உன் படத்தை இந்துவுக்குக் காட்டி "மாமா யாரு?" என்று கேட்டால், அலமாரியைக் கை காட்டுகிறாள். படம் அலமாரி மேல் இருக்கிறது இல்லையா, அவளுக்கு நீ அலமாரியில் இருக்கிற ஆள்.

மாமா உன்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்? நீ அப்போது போய்க்கொண்டிருந்த இடத்தைப் பற்றித்தான் ஒரு தடவை சொன்னார். "சவுண்டுன்னா அதாம்மே சவுண்டு. ஆனா பாட்டுல வார்த்தையே இல்ல" என்றார். வார்த்தையே இல்லாத பாட்டுக்கு ராத்திரி முழுக்க எதற்குக் கூட்டம்? அங்கே நீ என்னதான் செய்தாய்? தீபாவளிக்கு வராவிட்டாலும் அதையாவது விவரமாக எழுது. தம்பி எப்படி இருந்தான், எதில் சந்தோஷப்பட்டான் என்று தெரியாமலே எனக்கு இரண்டு வருஷம் போய்விட்டது.

அதிரசம் பார்சல் அனுப்புகிறேன். உடைந்து போனால் திட்டாதே.

அக்கா

*

பெங்களூர்
20.11.2000

அன்புள்ள அக்காவுக்கு,

அதிரசம் வந்தது. உடையவில்லை. எனக்குச் சளி இருந்தது, சரியாகிவிட்டது. அங்கே மழை நன்றாகப் பெய்கிறதா? ஏரி நிரம்பிவிட்டதா?

நீ கேட்டதைச் சொல்கிறேன். ரெசிடென்சி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மூடிப்போன சோபா கடை. அதற்கு அடியில் ஒரு குடோன். சனிக்கிழமை மத்தியானம் வரை அன்றைக்கு ஆட்டம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. போர்டு கிடையாது, நோட்டீஸ் கிடையாது. ஒருத்தன் இன்னொருத்தன் காதில் போட்டு, இரவுக்குள் இருநூறு பேர் சேர்ந்துவிடுவார்கள். பின்பக்கப் படிக்கட்டில் குனிந்துதான் இறங்க வேண்டும். ஒரே ஒரு சிவப்பு பல்பு எரியும். கொஞ்ச நேரத்தில் சுவரே வேர்த்துச் சொட்டும்.

அந்தப் பாட்டுக்கு ஹவுஸ் என்று பெயர். லண்டனிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் யாராவது கொண்டுவருகிற ரெக்கார்டுகள். மாமா சொன்னது சரிதான், வார்த்தை குறைவு. அடிதான் பிரதானம். ஒரே சீராக, விடாமல் விழுந்துகொண்டிருக்கும். தரை வழியாக ஏறி, முட்டி வழியாக நெஞ்சுக்கு வரும். ஒரு ரெக்கார்டு முடிவதற்குள் அடுத்ததை அதோடு சேர்த்துவிட வேண்டும். சேர்ந்த இடம் ஆடுகிறவனுக்குத் தெரியவே கூடாது. ஒரு காதில் ஓடுகிற பாட்டு, மறு காதில் வரப்போகிற பாட்டு. சஞ்சய் என்று ஒருத்தன்தான் அதை எல்லாம் நடத்தினான். ஒரு நாள் அவனுக்குக் கை வலிக்கிறது என்று என்னை நிற்கச் சொன்னான். எனக்கு அது சட்டென்று வந்துவிட்டது. மாமா கடையில் கல்யாண ரெக்கார்டுகளைத் துடைத்து வளர்ந்த விரல்தானே. அதற்கப்புறம் வாரா வாரம் நான்தான் நின்றேன். என்னை அங்கே ‘வான்’ என்று கூப்பிடுவார்கள்.

நீ எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. பெரிய கம்பெனி முதலாளி மகனும், பேக்கரியில் மாவு பிசைகிறவனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுவார்கள். நான் ரெக்கார்டை மாற்றினால் இருநூறு பேரும் ஒரே சமயத்தில் கையைத் தூக்குவார்கள். விடியற்காலையில் மேலே ஏறி வந்தால் பால் வண்டி போகும். சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நடப்போம். அதைப் போல ஒரு சந்தோஷத்தை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

போன வருஷம் அந்தக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். ஆனால் அதற்கு ரொம்ப நாள் முன்பே நான் போவதை நிறுத்திவிட்டேன். இப்போது யாராவது அந்த மாதிரிப் பாட்டைப் போட்டால் உடம்பெல்லாம் கூசுகிறது. கடையில் ரேடியோவை அணைத்துவிடுகிறேன். ஏன் என்று கேட்காதே அக்கா.

காது குத்துக்கு மணியையே கேட்டுப் பார்.

தம்பி,
தமிழ்வாணன்

*

உத்திரமேரூர்
27.11.2000

தமிழ்வாணா,

ஏரி நிரம்பிக் கலங்கல் போகிறது, அம்மாவின் முட்டியும் நானும் அப்படியே இருக்கிறோம். உன் சளி நின்றதில் சந்தோஷம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சாமி இல்லாத திருவிழா மாதிரி இருக்கிறது நீ சொல்வது. ஆனாலும் நீ நடுவில் நின்று, இருநூறு பேர் உன்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள் என்று படித்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "குடிச்சிக்கினு ஆடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று சொல்லி வைத்தேன்.

இதில் கூசுவதற்கு என்ன இருக்கிறது? அதுதான் எனக்குப் புரியவில்லை. நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமா கல்கண்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் நீ இந்தப் பக்கம் தலை வைத்தே படுக்கவில்லை. அதற்கு முன்னால் இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை மூட்டை துணியோடு வந்து இறங்குவாய். அப்பா போனதும் நம் எல்லோரையும் சேர்த்துச் சோறு போட்டவர் என்று மாமா மேல் உனக்கு எவ்வளவு பிரியம்! இப்போது ஒரு கடிதத்தில் கூட ‘மாமாவுக்கு நமஸ்காரம்’ என்று ஒரு வார்த்தை எழுதமாட்டேன் என்கிறாய்.

மாமா அன்றைக்கு உன்னை ஏதாவது சொன்னாரா? நீ ஆடுவதைப் பார்த்து நாலு பேர் முன்னால் கேவலமாகப் பேசினாரா? ஆமாம், இல்லை என்று ஒரே ஒரு வரி எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது, நான் விட்டுவிடுகிறேன். கார்டு உள்ளே வைத்திருக்கிறேன், விலாசம் கூட நானே எழுதிவிட்டேன்.

அக்கா

*

உத்திரமேரூர்
29.12.2000

தமிழ்வாணா,

கார்டு வரவில்லை. ஒரு மாசம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்கிறபோதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். நீ எழுதாமல் இருந்ததிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

போன வாரம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நேராகவே கேட்டேன். "அன்னிக்கி என் தம்பிய இன்னா சொன்ன?" என்றேன். பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "ஆமாம்மே. ஆடறதப் பாத்து கோவம் வந்துடிச்சி. ரெண்டு வார்த்த சொல்லிட்டேன். என் தப்புதான்" என்றார். என்ன வார்த்தை என்று கேட்டேன். "அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இரண்டரை வருஷம் தம்பி கண் கலங்கினான், கல்கண்டு தின்றான் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார் பார். எனக்கு வயிறு எரிகிறது. அன்றிலிருந்து அவரோடு நான் பேசவில்லை. சோற்றை ஆக்கி மூடி வைத்துவிட்டு அம்மா அறைக்குப் போய்விடுகிறேன். காப்பி கூட நான் போட்டுக் கொடுப்பதில்லை, நாயர் கடையில் குடித்துக்கொள்கிறார். மாப்பிள்ளை எதிரில் நின்று ஒரு நாளும் பேசாத அம்மா, கதவுக்குப் பின்னால் நின்று, "எம் புள்ளைய நாலு பேர் எதுர்ல கேவலப்படுத்த ஒங்களுக்கு இன்னா உரிம கீது?" என்று கேட்டுவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போனார்.

நீ அவருக்காகத்தானே வராமல் இருந்தாய்? இனி தைரியமாக வா. அவர் பந்தலில் இருக்க மாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு வெளியூரில் எங்காவது செட் கட்டப் போகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா

*

பெங்களூர்
6.1.2001

அக்கா,

மாமா என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை மட்டும் படித்துவிட்டு, முதலில் போய் அவருக்கு உன் கையால் காப்பி கொடு. மீதியை அப்புறம் படி.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூட எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன்.

நீ எந்த ஊர் என்று அங்கே யாரும் கேட்டதில்லை என்று எழுதினேன் இல்லையா? அது உண்மை. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். மெட்ராஸில் எங்கள் குடும்பத்துக்கு ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருக்கிறது, அதனால்தான் எனக்கு இந்தக் கை என்று சஞ்சயிடம் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. கையைத் தூக்குகிற இருநூறு பேருக்கு முன்னால், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மைக் செட் கடையில் இருந்தவன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஒரு தடவை சொன்ன பிறகு அதையே வளர்த்துக்கொண்டு போனேன்.

அந்தச் சனிக்கிழமை, ராத்திரி பதினொரு மணி இருக்கும். என் ரூமில் இருந்த பையன் விலாசம் எழுதிக் கொடுத்து மாமாவை அங்கே அனுப்பிவிட்டான். படியில் முதலில் காலும் வேட்டியும் தெரிந்தது. பிறகு மஞ்சள் பை. பிறகு முகம். ஊரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த புழுதியோடு, அந்தச் சத்தத்தில் என்னைத் தேடினார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "மச்சா..." என்று ஆரம்பித்தார்.

பக்கத்தில் இருந்த சஞ்சய் யார் இது என்று கேட்டான். நான் இங்கிலீஷில் சொன்னேன், ஸ்பீக்கர் பெட்டி தூக்க வந்திருக்கிற ஆள் என்று.

மாமாவுக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும் அக்கா. ஸ்பீக்கர், லோடு எல்லாம் அவர் தொழில் வார்த்தைதானே. ‘மச்சான்’ என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டார். சஞ்சய் ஒரு பழைய பெட்டியைக் காட்டி அதை மேலே கொண்டுபோகச் சொன்னான். மாமா மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, நான் ரெக்கார்டு வைக்கிற மேஜை ஓரத்தில் வைத்தார். குனிந்து பெட்டியைத் தோளில் ஏற்றினார். என் முகத்தைப் பார்த்து, "சார், இத மேல எங்க வெக்கறது?" என்று கேட்டார்.

என்னைத்தான் சார் என்றார். என் பொய் வெளியே தெரியக் கூடாது என்று.

"வாசல்ல வை" என்றேன். ‘வையுங்க’ என்று கூடச் சொல்லவில்லை.

அவர் குனிந்து படி ஏறினார். ஓடுகிற ரெக்கார்டு முடியட்டும், பின்னாலேயே போய்விடலாம் என்று இருந்தேன். அந்த ரெக்கார்டு ஒன்பது நிமிஷம். அது முடிவதற்குள் அடுத்ததைச் சேர்த்துவிட்டேன். கை தானாகச் செய்துவிட்டது. நான் மேலே போனபோது சந்தில் யாரும் இல்லை. பெட்டி மட்டும் மழை படாத இடமாகப் பார்த்து, மேலே சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தது.

பொட்டலத்தை அதற்குள் யாரோ பிரித்துவிட்டார்கள். கல்கண்டை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கிளாஸில் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. என்ன சேதி கொண்டுவந்தார் என்று எனக்குத் தெரியாது. எட்டு நாள் கழித்து உன் கடிதம் வந்துதான் இந்து பிறந்ததே எனக்குத் தெரியும். அதில் நீ, நான் கல்கண்டு தின்று கண் கலங்கினேன் என்று மாமா சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு ஊருக்கு எந்த முகத்தோடு வருவது?

இப்போது பழியையும் அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். மொட்டை போட்ட அன்றைக்கு வரவில்லை, கார்டில் ‘இல்லை’ என்ற ஒரு வார்த்தை எழுதவும் எனக்குத் துணிவு வரவில்லை. எழுதினால் அப்புறம் என்ன நடந்தது என்று நீ கேட்பாய் என்று பயந்தேன். ஒரு மாசம் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இந்துவை மணி மடியில் உட்கார வை. நான் அதற்கு லாயக்கில்லை.

தமிழ்வாணன்

*

உத்திரமேரூர்
5.2.2001

தமிழ்வாணா,

கடிதம் பொங்கலுக்கு முன்னாலேயே வந்தது. மூன்று வாரமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

முதல் வரியைப் படித்ததும் நீ சொன்னபடி காப்பி போட்டேன். வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னாம்மே, சக்கர தூக்கலா கீது?" என்று சிரித்தார். அதற்கப்புறம் தோட்டத்துப் பக்கம் போய் மீதியைப் படித்தேன். படித்துவிட்டு அடுப்பில் போட எடுத்துப் போனேன். போடவில்லை. அரிசிப் பானைக்குள் கிடக்கிறது.

நீ எதிரில் இருந்திருந்தால் செருப்பாலேயே அடித்திருப்பேன். ஒன்பது வருஷம் எந்தக் கோயிலையும் விடாமல் சுற்றிப் பெற்ற பிள்ளையின் சேதி அது. அதைக் கொண்டுவந்தவரைப் பெட்டி தூக்க வைத்தாயே. எவனோ ஒருத்தன் முன்னால் கௌரவத்துக்காக. நான் அவரை மூன்று வாரம் பட்டினி போட்ட மாதிரி நடத்தினேனே, அதற்கு நான் யாரிடம் போய் அழுவது?

அவரிடம் கேட்டேன். "ஏன்யா அப்படி பொய் சொன்ன?" என்றேன். "இன்னா பண்ண சொல்ற? எம்மேல கோவம்னா நாலு நாள் சோறு போடமாட்ட, அஞ்சாம் நாள் போட்டுடுவ. அவன நீ விட்டுட்டீனா அவனுக்கு வேற யாரு கீறாங்க?" என்றார். அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் அவர் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பதறிப்போய் வெளியே ஓடிவிட்டார்.

மார்ச் நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை நாள் பார்த்திருக்கிறோம். வா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வராதே என்று எழுதவும் வரவில்லை. அவரிடமே விட்டுவிட்டேன். மணியை இன்னும் கேட்கவில்லை.

சசிரேகா

*

முத்துவேல் சவுண்டு சர்வீஸ்
உத்திரமேரூர்
9.2.2001

மச்சான் தமிழ்வாணனுக்கு முத்துவேல் எழுதுவது.

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை அக்கா எனக்குக் காட்டவில்லை. காட்ட வேண்டியதும் இல்லை, அங்கே இருந்தவன் நான்தானே. அன்றைக்கு மேலே வந்து எதிர்க் கடை வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ வருவாய் என்று இல்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தூறல் போட்டதும் கிளம்பிவிட்டேன்.

ஒரு விஷயம் அன்றைக்கே சொல்ல நினைத்தேன். உன் சவுண்டு நன்றாக இருந்தது. அவ்வளவு கூட்டத்திலும் கரகரப்பு இல்லை. படிக்கட்டு வரைக்கும் நெஞ்சில் கேட்டது.

மார்ச் நாலாம் தேதி நம் வீட்டு விசேஷம். நம் செட்டுதான். முனியனுக்கு இடுப்பு இன்னும் சரியாகவில்லை. பெட்டி தூக்க ஒரு ஆள் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டால் கட்டுகிற வேலைக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு
மு. முத்துவேல்

*

பெங்களூர்
12.3.2001

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இந்துவுக்குக் காது ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெய் தடவுகிறாயா? அம்மா முட்டியை மடக்கிக் கீழே உட்காராமல் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் நமஸ்காரம்.

நீ பந்தலுக்குள் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை வந்து இறங்கியதும் மாமா என்னிடம் எதுவும் பேசவில்லை. ஒயரின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். நான் தென்னை மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டினேன். பேசிக்கொண்டது எல்லாம் "கொஞ்சம் கெழக்கால திருப்பு", "இறுக்கிக் கட்டு" அவ்வளவுதான். ராத்திரி மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "காலையில வேல கீது, போய்ப் படு" என்றார்.

காலையில் ஆசாரி வந்து உட்கார்ந்த நேரம், நான் பந்தலுக்குப் பின்னால் பெரிய பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். லுங்கி, பழைய பனியன், உடம்பெல்லாம் வேர்வை. செங்கல்பட்டு சித்தப்பா பீடி பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும். அடையாளம் தெரியவில்லை. மாமாவைப் பார்த்து, "யாரு முத்துவேலு இது? பெட்டி தூக்கற புது ஆளா?" என்று கேட்டார்.

அக்கா, அன்று சஞ்சய் என்னைக் கேட்ட அதே கேள்வி இப்போது மாமாவிடம் வந்து நிற்கிறது. மாமா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கணக்குத் தீர்ந்தது என்று பெட்டியை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன்.

அவர் மேஜையில் இருந்த மைக்கை எடுத்தார். ஒரு தட்டுத் தட்டினார். "குழந்த இந்துவோட தாய்மாமன், என் மச்சான் தமிழ்வாணன் எங்க இருந்தாலும் ஒடனே பந்தலுக்கு வரணும்" என்றார். நான் அவருக்கு நாலு அடி தூரத்தில் நிற்கிறேன். ஆனாலும் என் பெயர் நான் கட்டிய குழாய் வழியாகத் தென்னை மரத்து மேலிருந்து, ஏரிக்கரை வரைக்கும் கேட்டது. இரண்டாம் தடவையும் சொன்னார்.

எனக்குப் பெட்டியை இறக்கத் தெரியவில்லை. "மாமா, இத எங்க வெக்கறது?" என்று கேட்டேன்.

"கீய வை. உன்னத்தான் கூப்புடறாங்க" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு பந்தலுக்குள் வந்தேன். அப்புறம் நடந்ததை நீ பார்த்தாய். குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டதும், என் மடியில் உட்காரமாட்டேன் என்று உன் புடவையைப் பிடித்துக்கொண்டதும். அழட்டும் அக்கா, அவள் செய்ததுதான் சரி. அலமாரியில் இருக்கிற ஆளிடம் யார் வருவார்கள்? மாமா வந்து என் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போனதை நீ பார்த்தாயா என்று தெரியவில்லை. பிரித்தால் கல்கண்டு. ஒன்றை எடுத்து நீட்டியதும் அவள் அழுகையை நிறுத்திவிட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடிக்கிற வரைக்கும் என் விரலை விடவில்லை. அப்புறம் பொட்டலத்தில் கைவிட்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் அதை வாயில் போட முடியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெங்களூர் வரைக்கும் அது பையிலேயே வந்தது. இங்கே வந்தும் எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தேன். இன்று காலையில் பார்த்தால் சட்டை முழுக்க எறும்பு.

எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, இந்தக் கடிதத்தை எழுத உட்காரும் முன்புதான் வாயில் போட்டுக்கொண்டேன். மாமாவிடம் சொல்லிவிடு அக்கா. குழந்தை பிறந்த சேதி கிடைத்தது என்று சொல்.

உன் தம்பி,
தமிழ்வாணன்